ஐப்பசி மழைக்கு முன் வடிகால் கரை: எங்கள் ஊரில் செய்கிற வேலை

டெல்டாவில் தூர்வாருவது என்றால் எல்லோருக்கும் ஜூன் 12தான் ஞாபகம் வரும். மேட்டூர் திறப்பதற்குள் ஆறும் வாய்க்காலும் சுத்தமாகிவிட வேண்டும் என்று சித்திரை, வைகாசியிலேயே பொக்லைன் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். அது தண்ணீர் வருவதற்கான வேலை. நான் எழுதப்போவது தண்ணீர் போவதற்கான வேலையைப் பற்றி. புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முன், வடிகாலையும் அதன் கரைமேல் போகிற பாதையையும் ஊர்க்காரர்களே சேர்ந்து தயார் செய்கிற வேலை. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் சம்பாவைக் காப்பாற்றுவது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவே, கடைமடை. கல்லணையில் பிரிந்த வெண்ணாறு, நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் மறுபடியும் பிரிந்து, கிளை கிளையாக எங்களிடம் வந்து சேர்வதற்குள் ஆடி பிறந்துவிடுவதும் உண்டு. பாசனத் தண்ணீர் கடைசியாக வருவது எங்களுக்கு. மழைத் தண்ணீர் மட்டும் மேலே இருக்கிற ஊர்களின் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு முதலில் வந்து நிற்பது எங்கள் வயலில். நிலமோ தட்டை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மேடு பள்ளம் தெரியாது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படி ஒரு மழை இங்கே விழுந்தால் வடிகால் ஒன்றுதான் வழி.

அந்த வடிகால் ஓடுகிறதா, அடைத்திருக்கிறதா என்று பார்க்க ஆள் போக வேண்டும். ராத்திரியில், மழையில், டார்ச் வைத்துக்கொண்டு. கரையில் நடக்க முடிந்தால்தான் போக முடியும். மிஷின் வைத்து எவ்வளவு ஆழமாகத் தூர்வாரினாலும், கரையில் முள் மண்டி ஆள் போக வழி இல்லை என்றால், ஒரு மதகில் ஆகாயத்தாமரை அடைத்ததும் கதை முடிந்தது. யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் போய் எடுக்க முடியாது. 2018-ல் கஜா அடித்த மறுநாள் எங்கள் ஊரில் நடந்தது இதுதான். தென்னையும் பூவரசும் கரைமேல் குறுக்கும் நெடுக்குமாக விழுந்து கிடந்தன. மதகு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தும் யாராலும் அங்கே போய்ச் சேர முடியவில்லை. அதற்கு அப்புறம்தான் இளைஞர்களும் பெரியவர்களுமாகச் சேர்ந்து, வருஷா வருஷம் புரட்டாசி ஞாயிற்றுக்கிழமைகளில் கரைப் பாதையைச் சரிசெய்வது என்று முடிவானது.

ஊரார் சேர்ந்து கரை பார்ப்பது இந்த மண்ணுக்குப் புதிது இல்லை. குடிமராமத்து என்று அதற்குப் பெயரே இருக்கிறது. 1858-ல் சென்னை மாகாணத்தில் போட்ட கட்டாய உழைப்புச் சட்டம், ஆறோ ஏரியோ வாய்க்காலோ கரை உடையும் நிலை வந்தால் ஊரில் உடம்பில் தெம்புள்ளவர்கள் வந்து வேலை செய்தாக வேண்டும் என்றது. வழக்கப்படி செய்ய வேண்டிய குடிமராமத்து வேலைக்கு வராதவர், அந்த உழைப்பின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும் என்றும் இருந்தது. 2017-ல் அரசு அதே பெயரில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. எங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் அந்தப் பழைய வழக்கத்தின் தொடர்ச்சியாகத்தான் நாங்கள் இதைப் பார்க்கிறோம்.

சரி, வேலைக்கு வருகிறேன். முதலில் மண்வெட்டியைத் தூக்கக் கூடாது. நடக்க வேண்டும். ஆவணி கடைசியில் ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் மொத்தக் கரையையும் நடந்து பாருங்கள். எங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது, எங்கே கரையைத் தாண்டி வழிந்த தடம் இருக்கிறது, எங்கே கால் புதைகிறது என்று மழையே குறி போட்டுக் கொடுத்திருக்கும். கூட இரண்டு பெரியவர்களைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். "இந்த இடத்துல பழைய உடைப்பு தம்பி, மேலே மண்ணு கெட்டியாத் தெரியும், உள்ளே வெறும் வைக்கோலும் மட்டையும்தான்" என்று அவர்கள் சொல்வது எந்த வரைபடத்திலும் இருக்காது. நாங்கள் ஒரு நோட்டில் இடம் இடமாக எழுதி, போனில் படமும் எடுத்துக்கொள்வோம். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஆளை நிற்க வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் எல்லாப் படமும் ஒரே மாதிரிதான் தெரியும்.

நடப்பது மேலிருந்து கீழே. வேலை மட்டும் கீழேயிருந்து மேலே. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பல ஊர்களில் வேலை தலைகீழாக நடக்கிறது. ஊருக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் முதலில் சுத்தம் செய்துவிட்டு, கீழே போகப் போக ஆளும் பணமும் தீர்ந்து நின்றுவிடுகிறது. மேலே திறந்துவிட்ட தண்ணீர் கீழே போய் முட்டி, எதிர்த்து நிற்கும். அது மட்டும் இல்லை. நம் வடிகால் நம் எல்லையோடு முடிவதில்லை. நாம் சுத்தம் செய்தால் தண்ணீர் முன்பைவிட வேகமாகக் கீழ் ஊருக்குப் போகும். அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் செய்தால் சண்டைதான். நாங்கள் தொடங்குவதற்கு முன் கீழ் ஊர்ப் பெரியவர்களைப் போய்ப் பார்ப்போம். அவர்கள் எல்லையில் இருக்கிற முதல் மதகை இரண்டு ஊரும் சேர்ந்து சுத்தம் செய்வது என்று பேசி, அந்த மதகிலிருந்துதான் வேலை ஆரம்பம். இந்த ஒரு ஏற்பாட்டால் தீர்ந்த மனஸ்தாபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

அடுத்தது கரையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள். கரை வாய்க்கால் புறம்போக்கு என்பது உண்மைதான். ஆனால் பல வருஷமாக அதில் வேலி போட்டு, நாலு வாழை வைத்து, வைக்கோல் போர் போட்டுப் புழங்குகிறவரிடம் போய்ச் சட்டம் பேசினால் அவர் ஒரு அடியும் விட மாட்டார். எங்களில் மூத்தவர் ஒருவர் இதில் கெட்டிக்காரர். ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் பேசியதைப் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"மாமா, வர்ற தையில உங்க வயல்ல அறுக்க மிஷின் எந்த வழியா வரும்?"

"ஏன், கரை வழியாத்தான்."

"வேலி இவ்வளவு முன்னாடி இருந்தா மிஷின் எப்படித் திரும்பும்?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மழை நின்னதும் நானே நகட்டிக்கிறேன். இப்ப முள்ளை மட்டும் வெட்டிக்குங்க" என்றார். மழைக்கு முன்னாலேயே நகர்த்திக்கொடுத்தார். எல்லை பற்றி உண்மையிலேயே தகராறு இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தைப் பார்த்து அளந்துகொள்ளலாம். அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். புறம்போக்கில் நிற்கிற பெரிய மரத்தில் மட்டும் அனுமதி இல்லாமல் யாரும் கை வைக்கக் கூடாது. மிஷின் இறக்குவதாக இருந்தால் நீர்வளத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பகுதியில் ஷட்டர்களை இயக்குகிற துறைப் பணியாளரான லஸ்கருக்கு ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். எந்த ஷட்டர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

முள் வெட்டுவதில் சீமைக் கருவேலம்தான் பெரிய எதிரி. அதைத் தரையோடு வெட்டினால் மறுபடி தழைக்கும், வேரோடு பிடுங்கினால்தான் போகும். ஆனால் புரட்டாசியில் வேரைப் பிடுங்காதீர்கள். மண் இறுகுவதற்குள் மழை வந்துவிடும், பிடுங்கிய குழி வழியாகவே கரை அறுத்துக்கொள்ளும். வேர் எடுப்பது சித்திரை வேலை. எடுத்த குழியில் களிமண் போட்டு, தண்ணீர் தெளித்து, இடித்து இறுக்கி, ஒரு கோடை காய விட வேண்டும். புரட்டாசியில் தரையோடு ஒட்ட வெட்டினால் போதும். அடிக்கட்டையைச் சாய்வாக வெட்டி விடாதீர்கள். இருட்டில் வருகிறவன் காலில் அது ஈட்டி மாதிரி ஏறும். வெட்டிய முள்ளை அன்றைக்கே அப்புறப்படுத்த வேண்டும். கரையிலேயே போட்டால் ரப்பர் செருப்பையும் சைக்கிள் டயரையும் துளைக்கும், வடிகாலுக்குள் தள்ளினால் அடுத்த மதகில் போய் அடைக்கும். நாங்கள் விறகுக்குக் கொடுத்துவிடுகிறோம். அதில் வருகிற காசு டீசலுக்கு ஆகும்.

கரைச் சரிவில் இருக்கிற அருகம்புல்லைத் தொடாதீர்கள். சுத்தம் செய்கிறேன் என்று ஆர்வத்தில் சிலர் கரையை மொட்டை அடித்துவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். முதல் மழையில் அந்த மண் முழுக்க வடிகாலுக்குள் இறங்கிவிடும். நடக்கிற பாதையில் மட்டும் புல்லைக் குட்டையாக வெட்டுங்கள். சரிவில் புல்லின் வேர்தான் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. காட்டாமணக்கு, நாணல், சம்பு ஆகியவை தண்ணீர்ப் பக்கம் இருந்தால் எடுத்துவிட வேண்டும். புதர் வெட்டும் மிஷின் இரண்டு எங்களிடம் உண்டு. வேகம்தான். ஆனால் கல், கம்பி, பழைய வலை கிடக்கிற இடத்தில் அதை நம்ப முடியாது. அங்கெல்லாம் அரிவாள் பிடித்த கைதான் வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போய்ப் பழகிய எங்கள் ஊர் அக்காமார்கள் ஒரு வரிசையில் நின்று அறுத்துக்கொண்டு போனால், பின்னால் வருகிற நாங்கள் அள்ளிப் போடுவதற்குள் அவர்கள் அடுத்த வளைவுக்குப் போயிருப்பார்கள்.

ஆகாயத்தாமரையை எடுத்துக் கரை ஓரத்திலேயே குவிப்பதைப் பல இடத்தில் பார்க்கிறேன். தண்ணீர் ஏறினால் அது அப்படியே மிதந்து திரும்பிப் போய்விடும். கரைக்கு அந்தப் பக்கம், வயல் ஓரத்துக்குக் கொண்டுபோய்ப் போட வேண்டும். அங்கே மக்கி உரமாகட்டும். எடுத்து முடித்த பிறகும் மேலேயிருந்து வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் முக்கியமான மதகுக்குக் கொஞ்சம் மேலே, குறுக்கே மூங்கிலைக் கயிற்றில் கட்டி மிதக்க விடுகிறோம். கொடி அதில் வந்து தங்கும், தினமும் ஒருவர் அள்ளிப் போடுவார். ஆனால் கனமழை எச்சரிக்கை வந்தால் அந்த மூங்கிலை அவிழ்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மொத்தக் கொடியும் அதில் முட்டி அதுவே ஒரு அணையாகிவிடும். அவிழ்க்க வேண்டியவர் யார் என்று பெயர் சொல்லி முடிவு செய்து வையுங்கள். 'யாராவது' என்று விட்டால் ஒருவரும் போக மாட்டார்கள்.

குழாய் மதகுகளில் மண்ணும் வேரும் அடைத்திருக்கும். உள்ளே ஆளை அனுப்பாதீர்கள், எவ்வளவு பெரிய குழாயாக இருந்தாலும் சரி. மூங்கில் பிளாச்சுகளை ஒன்றோடு ஒன்று கட்டி ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் எடுத்து, அதில் கயிற்றைக் கோத்து, நடுவில் மண் நிரப்பிய சாக்கைக் கட்டி, இரண்டு பக்கமும் ஆள் நின்று மாறி மாறி இழுத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேறு வெளியே வரும். குழாய்க்கு மேலே இரண்டடி மண்ணாவது இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் தை மாதம் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போகிற டிராக்டர் பாரத்தில் குழாய் விரியும். விரிந்தது வெளியே தெரியாது, அடுத்த மழையில் பாதையோடு சேர்ந்து இறங்கும்போதுதான் தெரியும்.

இப்போது வளைகள். கரை உடைவதற்கு வெள்ளம் காரணம் என்று பேப்பரில் போடுவார்கள். எங்கள் பக்கம் பாதி உடைப்பு நண்டு வளையிலும் எலி வளையிலும்தான் தொடங்குகிறது. ஒரு விரல் நுழைகிற துவாரம். தண்ணீர் மட்டம் ஏறியதும் அதன் வழியே கசியும், கசிவு மண்ணைக் கரைக்கும், விடிவதற்குள் ஆள் படுக்கிற அகலத்துக்கு வாய் விட்டுவிடும். விடியற்காலையில் போனால் நண்டு வளையின் வாயில் புதுசாக உருட்டி வைத்த ஈர மண் உருண்டைகள் இருக்கும். எலி வளை என்றால் தூள் மண் குவியலாக இருக்கும், வளைக்கு இன்னொரு வாசலும் இருக்கும்.

அதைக் கண்டுபிடிக்க எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் செய்கிற வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு குடம் தண்ணீரில் சாணியைக் கரைப்பார். வளையின் வாயில் வைக்கோலைப் புனல் போலச் சுற்றி வைத்து, மெதுவாக, அவசரமே இல்லாமல் ஊற்றுவார். ஒரு பையனைக் கரையின் அந்தப் பக்கம் சரிவில் உட்கார வைத்திருப்பார். "தெரியுதா?" "இல்ல தாத்தா." இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். "தெரியுதா?" "ம்ம்... கீழ ஈரம் கட்டுது தாத்தா." பச்சையாக ஒரு கோடு மண்ணில் இறங்கும். அந்த வளை கரையை முழுக்கத் துளைத்துவிட்டது என்று அர்த்தம். அதை உடனே செய்ய வேண்டிய பட்டியலில் எழுதிக்கொள்வோம். தண்ணீர் வெளியே வராத வளைகளை அதற்கு அடுத்துப் பார்க்கலாம்.

வளையை அடைப்பது என்றால் வாயில் ஒரு கை மண்ணை வைத்து மிதிப்பது இல்லை. அது உள்ளே பொந்தை அப்படியே விட்டு வைக்கிறது. வளை போகிற வழியே மண்வெட்டியால் வெட்டிக்கொண்டே போய் முழுதாகத் திறக்க வேண்டும். அப்புறம் களிமண்ணைப் பிசைகிற பதத்துக்கு ஈரமாக்கி, அரை அடி அரை அடியாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் உலக்கையாலோ மரக் கட்டையாலோ இடிக்க வேண்டும். வைக்கோல், மட்டை, இலை எதையும் மண்ணோடு சேர்க்கக் கூடாது. அவை மக்கியதும் அந்த இடம் மறுபடி பொந்தாகிவிடும். நேரம் பிடிக்கிற வேலைதான். ஆனால் மற்ற எல்லா வேலையையும் ஒரு வருஷம் தள்ளிப் போட்டாலும் இதைத் தள்ளிப் போடக் கூடாது.

தாழ்ந்த இடங்களை உயர்த்துவதற்கு மண் எங்கே எடுக்கிறோம் என்பது முக்கியம். சோம்பலில் கரையின் அடியிலேயே வெட்டி மேலே போடுவார்கள். அடி பலவீனமாகிக் கரை சரியும். வடிகாலின் நடுப் படுகையில் இருந்து எடுங்கள், அதுவும் சீராக. ஒரே இடத்தில் ஆழமாக எடுத்தால் அங்கே குட்டை கட்டுமே தவிர தண்ணீர் ஓடாது. எங்கள் ஊர்க் கொத்தனார் ஒருவர் டியூப் மட்டம் கொண்டுவருவார். தண்ணீர் நிரப்பிய அந்த நீளக் குழாயை வைத்துப் பார்த்தால், இறக்கம் என்று நாம் நினைத்த இடம் ஏற்றமாக இருப்பது தெரியும். தட்டையான நிலத்தில் கண் மட்டத்தை நம்புவதற்கு இல்லை. மேலே மண் போட்டு இறுக்கிய பிறகு, வண்டி போகிற தடத்தில் உடைந்த செங்கல், ஓட்டுத் துண்டு போட்டால் சேறாகாது.

பாதையில் குறி நடுவது எங்கள் ஊரில் பிறகு சேர்த்துக்கொண்ட வேலை. இப்போது அது இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வெள்ளம் ஏறினால் வயலும் கரையும் வடிகாலும் ஒரே தண்ணீர்ப் பரப்பாகிவிடும். முழங்கால் தண்ணீரில் நடக்கிறவன் ஒரு அடி தவறினால் தலைக்கு மேல் ஆழம். அதனால் வடிகால் பக்க விளிம்பில் மட்டும், இருபது தப்படிக்கு ஒன்று, வளைவுகளில் இன்னும் நெருக்கமாக, ஆள் உயரக் குச்சி நடுகிறோம். இரண்டு பக்கமும் நடுவதில்லை. குச்சி இருக்கிற பக்கம் ஆழம், இவ்வளவுதான் விதி. ஆறு வயதுக் குழந்தைக்கும் புரியும். மதகு இருக்கிற இடத்தில் இரண்டு குச்சியைப் பெருக்கல் குறியாகக் கட்டிச் சிவப்புத் துணி சுற்றுவோம். இரு சக்கர வண்டிக்கு ஒட்டுகிற ரேடியம் ஸ்டிக்கரைத் துண்டு துண்டாக வெட்டி, மேலே இருந்து ஒரு சாண் கீழே ஒட்டினால் டார்ச் வெளிச்சத்தில் வரிசையாக மின்னும்.

மூங்கில் குச்சியை யாராவது வேலிக்குப் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதனால் இப்போது முடிந்த இடத்தில் பூவரசு, கிளுவை, ஒதியன் போத்துகளை, அதாவது வெட்டி நட்டால் தழைக்கிற கிளைகளை நடுகிறோம். புரட்டாசி ஈரத்தில் வைத்தால் ஐப்பசி மழையில் வேர் பிடித்துவிடும். தழைத்த குச்சியைப் பிடுங்க எங்கள் ஊரில் யாருக்கும் மனசு வராது. நிழல் விழுந்தால் பயிர் கெடும் என்று வயல்காரர்கள் சொல்வது நியாயம்தான். வருஷா வருஷம் தலையை வெட்டிவிடுவதாகச் சொல்லிச் செய்துகொடுக்கிறோம். வெட்டிய தழை ஆட்டுக்குப் போகும்.

உடம்பு விஷயத்தில் ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். புதரில் கண்ணாடி விரியனும் கட்டு விரியனும் உண்டு. முன்னால் ஒருவர் நீளக் கம்பால் தட்டிக்கொண்டே போக வேண்டும், வெறுங்காலுடன் யாரும் இறங்கக் கூடாது. கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இருக்கிறது. வடிகால் தண்ணீரில் எலிக்காய்ச்சல் வருகிற வாய்ப்பும் உண்டு. காலில் புண் இருப்பவர் மேலே நின்று வேலை பார்க்கட்டும். வேலைக்கு வந்த யாருக்காவது அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல் கண்டால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் "வடிகால் தண்ணீரில் நின்றேன்" என்று டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பம்ப்செட்டுக்குப் போகிற மின் கம்பியை ஒட்டி இருக்கிற கிளையை நாங்கள் தொடுவதே இல்லை. மின்வாரியத்தில் சொல்லி, லைனை நிறுத்தி அவர்களே வந்து வெட்டுவார்கள்.

பணம் மா கணக்கில் வசூல். மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு என்பதால், மாவுக்கு இவ்வளவு என்று வைத்தால் பேச்சே வராது. சின்ன விவசாயிக்கும் பெரிய பண்ணைக்கும் அதுவே நியாயம். வரவு செலவை அன்று இரவே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவோம், டீ, வடை செலவு உட்பட. நிலம் இல்லாதவர்களிடம் காசு கேட்பதில்லை. ஆனால் வேலைக்கு அதிகம் வருகிறவர்கள் அவர்கள்தான். பள்ளிக்கூடத்துக்கும் ரேஷன் கடைக்கும் இந்தக் கரையில்தான் அவர்கள் பிள்ளைகள் நடக்கிறார்கள். அதனால் ஒரு விஷயத்தில் நாங்கள் கறாராக இருக்கிறோம். மதகும் வளையும் முடிந்ததும் முதலில் சரிசெய்கிற பாதை, கீழத் தெருவிலிருந்து அவர்கள் சுடுகாட்டுக்குப் போகிற கரைதான். மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீரில் பாடையைத் தூக்கிக்கொண்டு போன நிலைமை ஊர் முழுக்க வெட்கப்பட வேண்டிய ஒன்று. அதைச் செய்து முடிக்காமல் வேறு எந்தத் தெருவின் பாதையையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்தோம். முணுமுணுப்பு வந்தது. மூத்தவர்கள் உறுதியாக நின்றார்கள்.

மழை பிடித்த பிறகு முறை வைத்துக் காவல். ஒரு முறைக்கு இரண்டு பேர், தனியாக யாரும் போகக் கூடாது. யூரியா சாக்கில் மண் நிரப்பி நாலு இடத்தில் தயாராக அடுக்கியிருப்போம். சாக்கு முழுக்க நிரப்பக் கூடாது, முக்கால் அளவு நிரப்பிக் கட்டினால்தான் ஒன்றோடு ஒன்று படிந்து உட்காரும். வெயிலில் கிடந்தால் சாக்கு இற்றுப்போகும் என்பதால் தார்ப்பாயால் மூடி வைக்கிறோம். தன் வயலில் தண்ணீர் நிற்கிறது என்று ராத்திரியில் கரையை வெட்டிவிடுவதுதான் ஊருக்குள் பெரிய பகை உண்டாக்கும் காரியம். எங்கே குழாய் வைத்து வடிக்கலாம் என்று முன்கூட்டியே பேசி நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். அதற்கு மேல் யாருக்காவது அவசரம் என்றால் முறைக்காரரைக் கூப்பிட வேண்டும்.

இன்னொன்று, அமாவாசை, பௌர்ணமி ஒட்டி வரும் மழை. அந்த நாட்களில் கடல் ஏற்றமாக இருக்கும், வடிகால் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதன் தண்ணீரைக் கடல் உள்ளே வாங்காது. முத்துப்பேட்டை மீனவர்களிடம் கேட்டால் எப்போது இறங்கும் என்று சொல்லிவிடுவார்கள். அந்த நேரத்தில் பதறிப்போய்க் கரையை வெட்டுவதாலோ, மதகை உடைப்பதாலோ ஒன்றும் ஆகாது. கடல் இறங்கும் வரை கரை தாங்க வேண்டும், இறங்கியதும் தண்ணீர் தடையில்லாமல் ஓட வேண்டும். கரைக்கும் மதகுக்கும் இத்தனை பேர் இத்தனை ஞாயிற்றுக்கிழமை உழைப்பது அந்தச் சில மணி நேரத்துக்காகத்தான்.

இந்த வருஷம் பாக்கி இருப்பது கிழக்குக் குழாய் மதகும், அதற்கு மேலே சரிந்திருக்கிற கரையும். குழாய் வாங்கியாகிவிட்டது. நடவு வேலை முடிந்து ஆள் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். பக்கத்து ஊர்களில் இதே வேலையைத் தொடங்க நினைப்பவர்கள் நோட்டு, டியூப் மட்டம், இழுக்கிற கயிறு எல்லாவற்றையும் எங்களிடம் வாங்கிக்கொண்டு போகலாம். புரட்டாசி முடிவதற்குள் திருப்பித் தந்தால் போதும். பழைய யூரியா சாக்கு இருந்தால் எரிக்காமல் எடுத்து வையுங்கள், எங்களுக்கு எவ்வளவு இருந்தாலும் தேவைப்படும்.